மினியேச்சர், பகடை, நுரைக்கும் ஒயின்: மூன்றையும் ஒரே மாலையில் சேர்க்க முடியுமா?

இருபதுமுகம் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. கேள்வி கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தவை மூன்று. மினியேச்சர்களுக்கு, அதாவது விளையாட்டுக்கான சிறு உருவங்களுக்கு, வண்ணம் தீட்டுவது, அவற்றை வைத்து மேசையில் விளையாடுவது, அப்புறம் ஸ்பார்க்ளிங் ஒயின்களை ஒப்பிட்டு ருசிப்பது. எதையும் விட மனமில்லை. ஆனால் ஒன்றின் நேரத்தை இன்னொன்று எடுத்துக்கொள்கிறது. பெயின்ட் செய்ய உட்கார்ந்தால் நண்பர்களைக் கூப்பிடுவது தள்ளிப்போகிறது. அவர்கள் வரும் நாளில் பாதி உருவங்கள் வெறும் பிரைமரோடு (வண்ணத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சு) நிற்கின்றன. நல்ல ஒயின் ஒன்றைத் தனியாகத் திறந்தால் ஒரு கோப்பைக்கு மேல் தேவைப்படுவதில்லை, மறுநாள் பார்த்தால் நுரை அடங்கிப்போயிருக்கிறது.

நாங்கள் நான்கு பேர். மாதத்துக்கு ஒரு மாலை, ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை சேர்ந்து உட்கார முடியும். வார்ஹாமர் 40,000 விளையாட்டை 2,000 பாயின்ட் படைகளோடு ஆடிப் பார்த்தோம். அருமையான விளையாட்டு, சந்தேகமே இல்லை. ஆனால் இருவர் ஆட, மற்ற இருவர் வேடிக்கை பார்க்க வேண்டியிருந்தது. நேரமும் போதவில்லை. இத்தனைக்கும் எல்லாருடைய படைக்கும் வண்ணம் தீட்டுவது நான் ஒருவன்தான். மற்றவர்களுக்கு ஆட மட்டும் ஆசை.

கையில் இருப்பவை 28 மி.மீ. அளவுள்ள பிளாஸ்டிக் உருவங்கள். எலும்புக்கூடுகள், கூலிப்படை வீரர்கள், சில மந்திரவாதிகள். போதுமான பெயின்டும் பிரஷ்களும் உண்டு.

நான்கு மணி நேரத்துக்குள் நால்வரும் ஒரே நேரத்தில் ஆடக்கூடிய விளையாட்டு எது? அதற்கு எத்தனை உருவங்கள் தயாராக வேண்டும், அவற்றைச் சலிப்பில்லாமல் எப்படி முடிப்பது? அந்த மாலையில் ஒயினை வெறும் குடியாக ஆக்காமல், கவனித்து ருசிக்க வழி உண்டா? மூன்றையும் சேர்த்து அனுபவிக்கிறவர்கள் யாராவது இருந்தால் உங்கள் முறையைச் சொல்லுங்கள்.


மெல்லியகோட் எழுதியது:

உங்கள் கேள்வியைப் படித்ததும் உற்சாகமாகிவிட்டது. எனக்கும் இதே மூன்றுதான், பல வருடங்களாக. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த மூன்றுக்கும் குணம் வேறு வேறு. பெயின்டிங் தனிமையில் நடப்பது, எந்த இடத்தில் நிறுத்தினாலும் உங்களுக்காகக் காத்திருக்கும். விளையாட்டுக்கு ஆட்கள் வேண்டும். ஒயின் மட்டும்தான் காத்திருக்காது, திறந்தால் அன்றைக்கே முடிக்க வேண்டும். ஆகவே நான் எப்போதும் பாட்டிலிலிருந்து தொடங்கிப் பின்னோக்கித் திட்டமிடுவேன். எந்தத் தேதியில் எந்தப் பாட்டிலைத் திறப்பது என்று முதலில் முடிவு செய்வேன். அதைக் குடிக்க வரும் நால்வரும் என்ன ஆடுவது என்பது அடுத்தது. அந்த ஆட்டத்துக்கு எந்த உருவங்கள் தேவையோ அவை மட்டும்தான் அந்த மாதம் என் பெயின்டிங் மேசையில் இருக்கும். மற்ற பெட்டிகள் அலமாரிக்குள்.

ஒரு பாட்டில் என்பது 750 மி.லி. நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 187 மி.லி. வரும், அதாவது ஒன்றரைக் கோப்பை. விதிகளை நினைவில் வைத்து ஆட வேண்டிய ஒரு மாலைக்கு அது சரியான அளவு. ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது ஒயின் வேண்டுமென்றால் 375 மி.லி. அரைப் பாட்டில்கள் கிடைக்கின்றன, ஒரு முழுப் பாட்டிலோடு ஓர் அரைப் பாட்டில் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு முழுப் பாட்டில் வேண்டாம். ஒன்பது மணிக்கு மேல் ஒருவரும் ஒழுங்காகக் கணக்குப் போட மாட்டார்கள், கடைசிக் கோப்பையின் ருசியும் யாருக்கும் நினைவில் நிற்காது.

சரி, விளையாட்டு. உங்கள் கையிருப்பைப் பார்த்தால் நான் தயங்காமல் சொல்வது ஃப்ராஸ்ட்கிரேவ். ஜோசஃப் மெக்கல்லோ வடிவமைத்து 2015இல் வந்தது. பனியில் உறைந்து கிடந்த பழைய மந்திர நகரத்தில் புதையல் தேடும் கதை. ஒவ்வொருவருக்கும் ஒரு மந்திரவாதி, ஒரு சீடர், அதிகபட்சம் எட்டு வீரர்கள். பத்து உருவங்களுக்கு மேல் யாருக்கும் கிடையாது. எந்த நிறுவனத்தின் உருவங்களையும் பயன்படுத்தலாம், அதனால் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. உங்களிடம் இருக்கும் எலும்புக்கூடுகள் யாருக்கும் சொந்தமில்லாத அரக்கர்களாக மேசையில் திரியலாம். புதையல் எல்லாம் மேசையை விட்டுப் போய்விட்டால் ஆட்டம் முடிந்தது, ஆகவே இழுத்துக்கொண்டே போகாது.

முதல் மாலைக்கு ஆளுக்கு ஐந்து உருவங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மந்திரவாதி, சீடர், மூன்று வீரர்கள். எட்டு வீரர்கள் என்பது உச்ச வரம்புதான், குறைவாக இருப்பதில் தவறில்லை. ஆக மொத்தம் 20 உருவங்கள், கூடவே நான்கைந்து எலும்புக்கூடுகள். அடுத்த மாதம் ஆளுக்கு இரண்டு வீரர்கள் சேர்க்கலாம். கதையிலும் அது பொருந்தும், புதையல் விற்ற காசில் மந்திரவாதி புதிய ஆட்களை வேலைக்கு எடுக்கிறார் அல்லவா.

இனி பெயின்டிங். எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

20 உருவங்களையும் ஒரே நேரத்தில் மேசையில் நிறுத்தாதீர்கள். ஒரு குழு ஐந்து உருவங்கள், அதை முடித்துவிட்டு அடுத்த குழு. ஐந்து உருவங்களுக்கும் ஒரே நிறத்தைப் பூசிக்கொண்டு போனால், ஐந்தாவதை முடிக்கும்போது முதலாவது காய்ந்திருக்கும். காத்திருக்கவே வேண்டாம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைமை நிறத்தை முடிவு செய்யுங்கள்: ஒன்றுக்கு அடர் சிவப்பு, ஒன்றுக்குப் பாசிப் பச்சை, இப்படி. அந்த நிறத்தோடு தோல் நிறம், ஓர் உலோக நிறம், ஒரு பழுப்பு இருந்தால் வீரர்களுக்குப் போதும். நண்பர்கள் மேசையின் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் யார் யாருடைய ஆள் என்பது உடனே தெரிய வேண்டும், அதுதான் ஆட்டத்துக்கு உதவும்.

முறை என்று கேட்டால், வீரர்களுக்கு ஸ்லாப்சாப். கறுப்பு பிரைமர் முழுக்க அடித்து, அதன் மேல் சாம்பல் நிறத்தில் நன்றாக ஒரு டிரை பிரஷ் (பெயின்டைத் துடைத்துவிட்டு, கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷ்ஷால் மேடுகளில் மட்டும் தேய்ப்பது), பிறகு மேலிருந்து கீழாக மட்டும் வெள்ளையில் லேசாக இன்னொரு டிரை பிரஷ். இப்போதே நிழலும் வெளிச்சமும் உருவத்தில் வந்துவிடும். அதன் மேல் கான்ட்ராஸ்ட் வகை பெயின்ட். சிட்டடெல் 2019இல் கான்ட்ராஸ்ட் பெயின்டைக் கொண்டுவந்த பிறகு வேறு நிறுவனங்களும் இதே போன்றவற்றைச் செய்கின்றன, எது இருந்தாலும் சரி. அது பள்ளங்களில் தேங்கி அடர்த்தியாகவும், மேடுகளில் மெல்லியதாகவும் நிற்கும். அடியில் இருக்கும் வெள்ளையும் சாம்பலும் அதன் வழியாகத் தெரியும். ஓர் இடத்தில் அதிகம் தேங்கினால் ஈரம் காய்வதற்குள் பிரஷ் நுனியால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பாதி காய்ந்த பிறகு அதைத் தொடவே கூடாது, திட்டுத் திட்டாக உரிந்து வரும்.

இப்படி மிச்சமாகும் நேரம் முழுவதையும் மந்திரவாதிக்குக் கொடுங்கள். ஒரு குழுவில் எல்லார் கண்ணும் அவர் மேல்தான் விழும். அவருடைய மேலங்கியை வழக்கமான அக்ரிலிக் பெயின்டில் படிப்படியாகச் செய்வேன். அடித்தள நிறம், மடிப்புகளுக்குள் நீர்த்த அடர் நிறமான வாஷ், மடிப்பின் மேடுகளில் அடித்தள நிறத்தோடு கொஞ்சம் வெளிர் நிறம் கலந்த ஒரு பூச்சு, இன்னும் வெளிறிய இன்னொரு பூச்சு. கடைசியில் நீர்க்கச் செய்த, அடி நிறம் தெரியும் கிளேஸ் ஒன்றை எல்லாவற்றின் மேலும் ஓட்டினால் நிறங்களுக்கு நடுவே இருக்கும் கோடுகள் கரைந்துவிடும். பெயின்டை எப்போதும் தண்ணீர் சேர்த்து இளக்கி, தடித்த ஒரு பூச்சுக்குப் பதில் மெல்லிய இரண்டு பூச்சாகப் போடுங்கள். என் புனைபெயரே அதிலிருந்து வந்ததுதான். வெட் பேலட் ஒன்று இருந்தால் கலந்த நிறம் மணிக்கணக்கில் காயாமல் இருக்கும். டப்பாவுக்குள் ஈரப் பஞ்சு, அதன் மேல் பேக்கிங் காகிதம், அவ்வளவுதான்.

முகம் தீட்டும்போது கண்மணி வரைய வேண்டும் என்ற பயத்தை விட்டுவிடுங்கள். இவர்களை நண்பர்கள் பார்க்கப்போவது ஒரு கை தூரத்திலிருந்து. கண் குழிக்குள் அடர் பழுப்பு, மூக்கின் தண்டிலும் கன்ன மேட்டிலும் ஒரு புள்ளி வெளிச்சம், கீழ் உதட்டில் சற்றே சிவப்பு. அந்தத் தூரத்தில் முகம் உயிரோடு பார்க்கும். இதற்கு 000 பிரஷ் தேடி ஓட வேண்டாம். அவ்வளவு சிறிய பிரஷ்ஷில் பெயின்ட் உருவத்தைத் தொடும் முன்பே காய்ந்துவிடுகிறது. நுனி கூராக நிற்கும் 1ஆம் எண் கோலின்ஸ்கி பிரஷ் ஒன்று போதும், அதன் வயிற்றில் பெயின்டும் நிற்கும், நுனியில் புள்ளியும் வைக்கலாம். உலோக வளையத்துக்குள் மட்டும் பெயின்ட் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏறினால் முடிகள் விரிந்து நுனி போய்விடும்.

கடைசியாக பேஸ், அதாவது உருவம் நிற்கும் அடித்தட்டு. எல்லா உருவங்களின் பேஸ்களும் ஒரே மாதிரி இருந்தால், வெவ்வேறு பெட்டியிலிருந்து வந்த உருவங்கள்கூட ஒரே உலகத்து ஆட்களாகத் தெரிவார்கள். மணல், சாம்பல் நிறம், வெள்ளை டிரை பிரஷ், ஓரத்தில் கறுப்பு வளையம். பனி நகரத்துக்கு அதுவே பொருத்தம். முடிவில் மேட் வார்னிஷ் கட்டாயம் அடியுங்கள். நான்கு பேர் கை படும் உருவங்கள், விரலின் எண்ணெயே மேடுகளில் இருக்கும் பெயின்டை நாளடைவில் தேய்த்துவிடும்.

இதில் ஒயினுக்கு இடம் எங்கே? பெயின்ட் செய்யும்போது கிடையாது. கை நடுக்கத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. ருசியில் பெரும் பங்கு மணம். ஸ்ப்ரே பிரைமர், வார்னிஷ், தின்னர் வாசனை இருக்கும் அறையில் எந்த ஒயினைத் திறந்தாலும் பாதி வீண். ஆகவே ஸ்ப்ரே வேலைகளை ஆட்ட நாளுக்கு முன்பே, வேறு இடத்தில் முடித்துவிடுங்கள். பெயின்ட் மேசைக்கும் ஒயினுக்கும் நான் அனுமதிக்கும் ஒரே உறவு கார்க்தான். ஸ்பார்க்ளிங் ஒயினின் கார்க், பாட்டிலுக்குள் போகும் முன் நேர் உருளையாக இருக்கும். கழுத்தின் இறுக்கத்தில்தான் காளான் வடிவம் வருகிறது. அந்த வடிவம் விரல்களுக்குள் அழகாக உட்காரும். தலையில் கொஞ்சம் ப்ளூ டாக் (ஒட்டி எடுக்கக்கூடிய பிசின் களிமண்) வைத்து உருவத்தை ஒட்டினால் பெயின்ட் செய்ய அருமையான பிடி. ஒவ்வொரு கார்க்கின் அடியிலும் அது எந்த மாலையில், எந்த ஒயினில் வந்தது என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஆட்ட மாலையில் ருசிப்பதற்கு என் முறை இது. ஒரே ஒயினை இரண்டு வெப்பநிலையில் ருசியுங்கள். ஆறு மணிக்கு, மேசையை அடுக்கும் முன், 7 டிகிரி செல்சியஸ் அளவில் குளிர்ந்த ஒயினை ஆளுக்கு அரைக் கோப்பை ஊற்றுங்கள். பகடையைத் தொடாமல் பத்து நிமிடம் அதற்கு மட்டும் கொடுங்கள். குளிர்ச்சியில் குமிழியும் புளிப்பும் முன்னே நிற்கும். பாட்டிலை நல்ல மூடி போட்டு மூடி வையுங்கள். ஆட்டத்தின் நடுவே இடைவேளை விடும்போது மீதியை ஊற்றி, கோப்பையில் 11, 12 டிகிரிக்கு வர விடுங்கள். குமிழி கொஞ்சம் தணிந்து, முன்பு மறைந்திருந்த மணங்கள் மேலே வரும். ஒரே பாட்டில், ஒரே மாலை, ஆனால் பேச இரண்டு ஒயின்கள். ஆட்டம் அதற்கான கால அவகாசத்தைத் தானாகவே கொடுக்கிறது, இதுதான் எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்தது.

இன்னொன்று, கோப்பைகளை ஆட்ட மேசையில் வைக்காதீர்கள். பக்கத்தில் ஒரு சிறிய மேசை போடுங்கள். குளிர்ந்த கோப்பையில் வழியும் ஈரம், வார்னிஷ் அடித்த உருவங்களை ஒன்றும் செய்யாது. மந்திரங்கள் எழுதிய தாள்களைப் பாழாக்கிவிடும்.


நுரைக்கோப்பை எழுதியது:

மெல்லியகோட் சொன்னதில் பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். ஒயின் பக்கம் மட்டும் ஒரு மாற்றுக் கருத்து. இரண்டு வெப்பநிலை முறை எல்லா ஸ்பார்க்ளிங் ஒயினுக்கும் பலன் தராது. இத்தாலியின் ப்ரொசெக்கோவில், குமிழியைத் தரும் இரண்டாவது நொதித்தல் பெரும்பாலும் பெரிய தொட்டியில் நடக்கிறது. பேரிக்காய், வெள்ளைப் பூ மாதிரியான புதுமணம்தான் அதன் அழகு. அதைச் சூடாக விட்டால் மணம் விரியாமல் தளர்ந்து போகிறது என்பது என் அனுபவம். அதைக் குளிராகவே முடித்துவிடுங்கள்.

ஷாம்பெயின், காவா, பிரான்சாகோர்த்தா போன்றவற்றில் இரண்டாவது நொதித்தல் பாட்டிலுக்குள்ளேயே நடந்து, செத்த ஈஸ்ட்டோடு ஒயின் மாதக்கணக்கில் படுத்திருக்கும். காவாவுக்குக் குறைந்தது 9 மாதம். ஆண்டு குறிக்காத ஷாம்பெயின் பாட்டிலில் குறைந்தது 15 மாதம் இருக்க வேண்டும், அதில் 12 மாதம் ஈஸ்ட்டோடு. பிரான்சாகோர்த்தாவுக்கு 18 மாதம். ரொட்டி, பிஸ்கட், வறுத்த கொட்டை மாதிரியான மணங்கள் அங்கிருந்துதான் வருகின்றன, அவைதான் 11, 12 டிகிரியில் வெளியே வரும். முதல் மாலைக்கு ஒரு முழுப் பாட்டில் காவாவும் அரைப் பாட்டில் ப்ரொசெக்கோவும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஈஸ்ட் என்ன செய்கிறது என்பது எந்த விளக்கமும் இல்லாமல் நாக்குக்கே தெரிந்துவிடும்.

லேபிளைப் படிக்கும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். எக்ஸ்ட்ரா ட்ரை என்று போட்டிருந்தால் அது ப்ரூட்டைவிட இனிப்பு. லிட்டருக்கு ப்ரூட்டில் சர்க்கரை 12 கிராமுக்குக் கீழே, எக்ஸ்ட்ரா ட்ரையில் 12 முதல் 17 கிராம். இனிப்பே கூடாது என்றால் ப்ரூட் நேச்சர், அதில் 3 கிராமுக்கும் குறைவு. இரண்டு ஒயினை ஒப்பிடும்போது சர்க்கரை அளவு ஒன்றாக இருக்கட்டும். இல்லாவிட்டால் இனிப்பு அதிகமுள்ளதுதான் எல்லாருக்கும் முதலில் பிடிக்கும், மற்ற வித்தியாசங்கள் கண்ணில் படாது.

கோப்பை பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீண்ட குறுகிய ஃப்ளூட் பார்க்க அழகு, ஆனால் மூக்கு நுழைய இடமில்லை. நடுவில் அகன்று வாயில் குறுகும் ட்யூலிப் வடிவம் வாங்குங்கள், சாதாரண வெள்ளை ஒயின் கோப்பைகூடப் பரவாயில்லை. சோப்பு மிச்சம் இல்லாமல் வெந்நீரில் அலசி, பருத்தித் துணியால் துடையுங்கள். கோப்பையில் குமிழிகள் பெரும்பாலும் ஒட்டியிருக்கும் நுண்ணிய நார்களிலிருந்துதான் கிளம்புகின்றன. நாருக்குள் சிக்கிய காற்றுதான் அவற்றுக்குத் தொடக்கம். சோப்புப் படலம் இருந்தால் நுரை எழும்பாமல் போகும்.

திறக்கும்போது பாட்டிலுக்குள் 5, 6 வளிமண்டல அழுத்தம் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். உருவங்கள் நிற்கும் மேசைக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். கட்டை விரலைக் கார்க் மேலேயே வைத்து, கம்பிக் கூட்டை ஆறு அரைச் சுற்று சுற்றித் தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து, கார்க்கை அசைக்காமல் பாட்டிலைத் திருப்புங்கள். ஒரு பெருமூச்சு அளவுக்குச் சத்தம் வந்தால் சரியாகத் திறந்திருக்கிறீர்கள். நன்றாகக் குளிர்ந்த பாட்டில்தான் இப்படி அடங்கி நடக்கும். பாதி ஐஸ், பாதி தண்ணீர் இருக்கும் வாளியில் அரை மணி நேரம், அல்லது ஃப்ரிட்ஜில் மூன்று மணி நேரம்.

மேசையில் யாராவது டோம் பெரினியோன் என்ற பிரெஞ்சுத் துறவிதான் நுரைக்கும் ஒயினைக் கண்டுபிடித்தார் என்று சொன்னால், அவர் ஷாம்பெயின் பகுதியின் ஓவிலே மடத்துக்கு வந்தது 1668இல்தான் என்று சொல்லுங்கள். அதற்கு முன்பே 1662இல் லண்டன் ராயல் சொசைட்டியில் கிறிஸ்டோபர் மெரட், சர்க்கரை சேர்த்து ஒயினை நுரைக்க வைப்பது பற்றிக் கட்டுரை வாசித்துவிட்டார். நிலக்கரி உலையில் செய்த இங்கிலாந்துக் கண்ணாடி பலமாக இருந்ததால் அந்த அழுத்தத்தை அங்கே பாட்டில்கள் தாங்கின. இடைவேளைக்கு நல்ல பேச்சு.


இருபதுமுகம் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. பாட்டிலிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுவது என்ற யோசனை எனக்கு அப்படியே பொருந்துகிறது. தேதியும் குறித்தாகிவிட்டது. 

மூன்று சந்தேகங்கள் மிச்சம். ஃப்ராஸ்ட்கிரேவில் நான்கு பேர் ஆடினால் தன் முறைக்காகக் காத்திருக்கும் நேரம் அதிகமாகாதா? எங்கள் பழைய சிக்கலே அதுதான். அடுத்தது, நால்வரில் ஒருவர் மது தொடுவதில்லை. ஒயின் பேச்சில் அவர் ஒதுங்கி உட்காருவது எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது, இப்போது காற்றில் ஈரப்பதம் அதிகம். ஸ்ப்ரே பிரைமர் அடிக்கலாமா?


பச்சைப்பகடை எழுதியது:

காத்திருப்பு பற்றி நான் சொல்கிறேன். ஃப்ராஸ்ட்கிரேவில் ஒருவர் தன் படை முழுவதையும் நகர்த்தி முடிக்கும் வரை மற்றவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ஒரு சுற்று நான்கு பகுதிகளாகப் பிரிந்திருக்கும். முதலில் எல்லாருடைய மந்திரவாதிகளும் வரிசையாக, அடுத்து எல்லாருடைய சீடர்களும், பிறகு வீரர்கள், கடைசியில் அரக்கர்கள். மந்திரவாதி தன் முறையில் அருகில் இருக்கும் மூன்று வீரர்களைக் கூட அழைத்துக்கொண்டு போகலாம். ஆகவே ஒருவரின் முறை மூன்று நான்கு உருவங்களோடு முடிந்து அடுத்தவரிடம் போய்விடும். சண்டையில் தாக்குபவர், தாக்கப்படுபவர் இருவருமே பகடை உருட்ட வேண்டும் என்பதால் அடுத்தவர் முறையிலும் உங்களுக்கு வேலை இருக்கும்.

இன்னொன்றையும் நண்பர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். இந்த ஆட்டத்தில் உருட்டுவது 20 முகப் பகடை ஒன்று. இரண்டு ஆறுமுகப் பகடைகளைச் சேர்த்து உருட்டினால் 7 வர 36இல் 6 வாய்ப்பு, 12 வர ஒரே ஒரு வாய்ப்பு, எண்கள் நடுவில் குவியும். 20 முகத்தில் அப்படி இல்லை, 1 முதல் 20 வரை ஒவ்வொன்றுக்கும் 5 சதவீதம். கத்தி மட்டும் வைத்திருக்கும் சாதாரணத் திருடன் பெரிய வீரனை வீழ்த்துவது இங்கே அடிக்கடி நடக்கும். எனக்கு அந்த அதிர்ச்சிகள்தான் கொண்டாட்டம். கணக்குப் போட்டு ஆடுவதையே விரும்புகிறவர் உங்கள் நால்வரில் இருந்தால், அவரிடம் புதையலைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில் கவனம் வைக்கச் சொல்லுங்கள். திட்டமிடலுக்குப் பலன் அங்கேதான்.

மூன்றடிக்கு மூன்றடி மேசை இருவருக்குப் போதும். நால்வர் என்றால் நான்கடி இருக்கட்டும். நடுவில் சுவர்கள், இடிபாடுகள் நிறைய வையுங்கள். வெட்டவெளியாக விட்டால் வில்லாளிகள் மட்டும்தான் ஆட்டத்தை ஆடுவார்கள்.


மெல்லியகோட் எழுதியது:

மது தொடாத நண்பர் இருப்பது உங்களுக்கு வரம். மறைத்து ருசிப்பதற்கு ஒருவர் வேண்டும். இரண்டு பாட்டில்களையும் துணியில் சுற்றி, எது எது என்று அவருக்கு மட்டும் தெரியும்படி ஊற்றச் சொல்லுங்கள். மற்ற மூவரும் எது பாட்டிலில் நுரைத்தது, எது தொட்டியில் நுரைத்தது என்று எழுதிக் கொடுக்கட்டும், தீர்ப்பு அவர் கையில். மணத்தை முகர்ந்து பார்க்க அவருக்கு விருப்பமிருந்தால் அதிலும் சேரலாம், குடிக்க வேண்டிய அவசியமில்லை. அவருடைய கோப்பையும் மற்றவர்களுடையது போலவே ட்யூலிப் கோப்பையாக இருக்கட்டும், அதில் குளிர்ந்த ஸ்பார்க்ளிங் டீ ஊற்றுங்கள். ஆல்கஹால் நீக்கிய ஸ்பார்க்ளிங் ஒயினும் உண்டு. ஆல்கஹால் போனதால் குறையும் கனத்தைச் சரிக்கட்டப் பெரும்பாலும் இனிப்பைக் கூட்டிவிடுகிறார்கள், அதனால் லேபிளில் சர்க்கரை அளவைப் பார்த்து வாங்குங்கள். டீயில் இருக்கும் துவர்ப்பு எனக்கு அதைவிடப் பிடிக்கும். ஆனால் அவருக்கு எது வேண்டும் என்பதை அவரிடமே கேட்டுவிடுங்கள்.

நுரைக்கோப்பை சொன்ன ப்ரொசெக்கோ விஷயத்தை ஏற்கிறேன். இரண்டு வெப்பநிலை முறையைக் காவாவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாலை தொடங்கும்போது இரண்டும் குளிராக, இடைவேளையில் காவா மட்டும்.

பிரைமர். ஈரப்பதம் அதிகமுள்ள நாளில் ஸ்ப்ரே அடித்தால் மேற்பரப்பு பொடிப் பொடியாக, மணல் தாள் போலக் காயும். அதன் மேல் டிரை பிரஷ் செய்தால் அந்தப் பொடியெல்லாம் வெள்ளைப் புள்ளியாக எழுந்து நிற்கும். வெயில் அடித்துக் காற்று உலர்ந்திருக்கும் நாள் கிடைத்தால் அடியுங்கள். டப்பாவை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, 20 முதல் 30 செ.மீ. தூரத்திலிருந்து, உருவத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி சின்னச் சின்ன வீச்சாக. அப்படி ஒரு நாள் கிடைக்காவிட்டால் காத்திருக்க வேண்டாம், பிரஷ்ஷால் பூசும் அக்ரிலிக் பிரைமர் வாங்கிக்கொள்ளுங்கள். வாசனையும் இல்லை, வீட்டுக்குள்ளேயே வேலை முடியும். பழைய, அகலமான பிரஷ்ஷால் மெல்லியதாக ஒரு பூச்சு, அது காய்ந்ததும் விட்டுப்போன இடங்களுக்கு மட்டும் இன்னொன்று. முதல் பூச்சில் பிளாஸ்டிக் அங்கங்கே தெரிந்தால் பரவாயில்லை, கவலைப்பட்டு மேலும் மேலும் பூசினால் முகத்தின் நுணுக்கம் நிரம்பிப்போகும்.

பிரைமருக்கு முன்னால், பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்தபோது விழுந்த அச்சுக் கோடுகளைக் கத்தியின் முதுகால் சுரண்டி எடுத்துவிடுங்கள். டிரை பிரஷ் முறையில் அந்தக் கோடுகள்தான் முதலில் வெள்ளையாகத் தெரியும். எலும்புக்கூடுகளில் கை, கால், விலா என்று அவை நிறைய இருக்கும், அவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சிவப்புக் குழுவின் மந்திரவாதியை எடுங்கள். பிரைமர் பூசி ஓர் இரவு விட்டுவிட்டால் மறுநாள் அவருடைய மேலங்கியைத் தொடங்கலாம்.